விதையை டப்பாவில் போடும் முன்: காய்கறி விதைகளைப் பல ஆண்டு காக்க ஒரு வழிகாட்டி

போன ஆடிப் பட்டத்தில் நன்றாக முளைத்த அதே வெண்டை விதை இந்த ஆடியில் பாதிகூட முளைக்கவில்லையா? விதையைக் குறை சொல்லும் முன், இடைப்பட்ட பன்னிரண்டு மாதமும் அது எங்கே இருந்தது என்று பாருங்கள். சமையலறை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருந்திருக்கும். இல்லையென்றால் காகிதப் பொட்டலமாக ஃபிரிட்ஜ் கதவில். முதல் இடத்தில் வெக்கையும் மழைக்காலத்து ஈரக்காற்றும் சேர்ந்து விதையைக் கெடுக்கும். இரண்டாவது இடத்தில் குளிர்ச்சி உண்டு, ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் பொட்டலம் வியர்க்கும்.

விதை தூங்கினாலும் மூச்சு விடுகிறது. ஈரம் கூடினால் மூச்சு வேகமெடுக்கும், சேமித்து வைத்த உணவு கரையும், உள்ளே இருக்கும் முளைக்கருவின் செல் சவ்வுகள் சிதையும். வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். அமெரிக்க விதை ஆய்வாளர் ஹாரிங்டன் இதற்கு ஒரு எளிய கணக்கு சொன்னார். விதையின் ஈரப்பதம் 1 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. ஈரத்தை 12 விழுக்காட்டிலிருந்து 7-க்குக் கொண்டுவந்தால் ஐந்து முறை இரட்டிப்பு, அதாவது 32 மடங்கு. 30 டிகிரி அறையிலிருந்து 5 டிகிரி ஃபிரிட்ஜுக்கு மாற்றினாலும் அதே 32 மடங்குதான். இது தோராயக் கணக்கு. ஈரம் 5 முதல் 14 விழுக்காட்டுக்குள் இருக்கும்போதுதான் பொருந்தும். ஆனால் உலர்த்துவதற்கு மின்கட்டணம் இல்லை, மின்தடையும் அதைப் பாதிக்காது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் உலர்த்துவது, அடுத்து காற்றுப் புகாமல் மூடுவது, கடைசியாகக் குளிரில் வைப்பது. பலரும் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு ஏமாறுகிறார்கள்.

எந்த விதையைச் சேமிக்கலாம்

உலர்த்தினால் சாகும் விதைகளும் உண்டு. சௌசௌ, கறிவேப்பிலை, பலா ஆகியவற்றின் விதைகள் காய்ந்தால் உயிர் போய்விடும். இவற்றை டப்பாவில் அடைத்து வைக்க முடியாது, கிடைத்த வாரமே நட வேண்டும். கோவைக்காயும் சர்க்கரைவள்ளியும் கொடித்துண்டில் வருபவை, அவற்றுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

உலரத் தாங்கும் காய்கறிகளுக்குள்ளும் ஆயுள் ஒன்றுபோல் இராது. வெங்காய விதைதான் மிகவும் அற்பாயுசு. சாதாரண அறையில் ஓராண்டு தாண்டினாலே சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது. முருங்கை விதையும் ஓராண்டுக்குள் தளர்ந்துவிடும். மிளகாய், வெண்டை, கேரட், பீன்ஸ் எல்லாம் நடுத்தரம், இரண்டு மூன்று ஆண்டு. தக்காளி, கத்தரி, முள்ளங்கி, வெள்ளரி, பூசணி வகைகள் நன்றாக உலர்த்தி வைத்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். இங்கே சொல்வதுபோல் உலர்த்தி, மூடி, குளிரிலும் வைத்தால் இந்தக் காலம் பல மடங்கு நீளும்.

இன்னொன்று. கடையில் வாங்கிய எஃப்1 ஒட்டுரகத்தின் (இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறை விதை) காயிலிருந்து விதை எடுத்தால் அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. பாடுபட்டுச் சேமிப்பது நாட்டுரகமாகவோ, ஒட்டாத மேம்பட்ட ரகமாகவோ இருக்கட்டும்.

விதைக்கு விட்ட காயை எப்போது பறிப்பது

முற்றாத விதையை எப்படிக் காத்தாலும் நிலைக்காது. சேமிப்பு காயிலேயே தொடங்கிவிடுகிறது. வெண்டைக்காய் செடியிலேயே பழுப்பாகி, முனையில் மயிரிழை வெடிப்பு விடும் வரை நிற்கட்டும். பீர்க்கையும் சுரையும் நெற்றாகி, ஆட்டினால் உள்ளே விதை குலுங்க வேண்டும். கத்தரிக்காய் நிறம் மாறி மஞ்சளாகும் வரை காத்திருங்கள். பாகல் ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் பறித்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தால் வெடித்துக் கொட்டிவிடும். பூசணியைப் பறித்த உடனே அறுக்க வேண்டாம். மூன்று நான்கு வாரம் நிழலில் வைத்தால் விதை உள்ளேயே இன்னும் திரண்டு முற்றும். நோய் கண்ட செடி, தேமல் விழுந்த கொடி ஆகியவற்றிலிருந்து விதை எடுக்கவே வேண்டாம். சில நச்சுயிரிகளும் பூஞ்சைகளும் விதை வழியே அடுத்த பட்டத்துக்கு வந்துசேரும்.

தக்காளி, வெள்ளரி விதைகளைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி இருக்கும். இந்த ஜெல்லி முளைப்பைத் தடுக்கும், காய்ந்தால் விதைகளை ஒன்றோடொன்று ஒட்டவும் வைக்கும். விதையோடு சாற்றைப் பிழிந்து, சிறிது தண்ணீர் சேர்த்து, கண்ணாடிக் குவளையில் மூடாமல் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் தக்காளிக்கு 24 முதல் 48 மணி நேரமும் வெள்ளரிக்கு ஒரு நாளும் போதும். மேலே வெள்ளை ஆடை படியும், புளித்த வாடை வரும். அப்போது தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மேலே மிதக்கும். மேலே இருப்பதைக் கொட்டி நான்கைந்து முறை அலசுங்கள். மூன்றாம் நாள் வரை மறந்துவிட்டால் குவளையிலேயே முளைவிடத் தொடங்கும், அந்த விதை சேமிப்புக்கு ஆகாது. பாகல் விதையின் செந்நிறச் சதையைச் சாம்பலோ மணலோ சேர்த்துக் கசக்கினால் எளிதில் கழன்றுவிடும்.

முதல் உலர்த்தல்: காற்றும் இளவெயிலும்

கழுவிய விதையை காகிதத்தில் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். நைலான் வலை, முறம், காட்டன் துணி இவற்றில் ஒன்றில் ஒரு விதைக் கனத்துக்குப் பரப்புங்கள். முதல் இரண்டு நாள் காற்றோட்டமான நிழல். பிறகு காலை 8 முதல் 11 வரையும், மாலை 3-க்கு மேலும் இளவெயில். உச்சிவெயிலில் சிமெண்டுத் தளமும் தகரமும் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். ஈரமான விதை 40 டிகிரிக்கு மேல் சூடேறினால் முளைக்கரு வெந்துவிடும். மேல்தோல் மட்டும் அவசரமாகச் சுருங்கி, உள் ஈரம் வெளியேற வழியில்லாமலும் போகும். மாலையில் விதையை வீட்டுக்குள் எடுத்து மூடி வையுங்கள். இரவில் வெளியே கிடந்தால் பகலில் விட்ட ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

இப்படி நான்கைந்து நாள் ஆனதும் விதை நன்றாகக் காய்ந்ததுபோல் கைக்குத் தோன்றும். இங்கேதான் ஏமாற்றம். விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும் பொருள். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடு இருந்தால், எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் தக்காளி விதையில் சுமார் 11 விழுக்காடு ஈரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கடற்கரைக் காற்று பெரும்பாலான மாதங்களில் இந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உள்மாவட்டங்களில் பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். விதையை அடைக்க ஆண்டிலேயே சிறந்த நேரம் அதுதான். ஐப்பசியில் அடைத்தால் மழையையும் சேர்த்து அடைத்ததாகிவிடும்.

அரசின் விதைச் சான்று விதிகளும் இதைப் பிரித்தே சொல்கின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய் விதைக்குச் சாதாரணப் பையில் 8 விழுக்காடு ஈரம் வரை இருக்கலாம். ஈரம் புகாத உறையில் அடைத்தால் 6-ஐத் தாண்டக்கூடாது. வெண்டைக்கு அதே கணக்கு 10-ம் 8-ம். நன்றாக மூடிய உறைக்கு ஏன் கடுமையான அளவு என்று தோன்றலாம். சாதாரணப் பையில் இருக்கும் விதை கூடுதல் ஈரத்தைக் கொஞ்சமாவது வெளியே விடும். மூடிய உறையில் அதற்கு வழியில்லை, உள்ளேயே புழுங்கும்.

இரண்டாவது உலர்த்தல்: சிலிகா ஜெல்

11-லிருந்து 6-க்கு இறக்க உறிஞ்சுபொருள் வேண்டும். நிறம் மாறும் சிலிகா ஜெல் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிலோ கணக்கில் கிடைக்கும். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையும், ஆரஞ்சு பச்சையாக மாறும் வகையும் உண்டு. நீலத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. வீட்டுக்கு ஆரஞ்சு வகையே நல்லது. செருப்புப் பெட்டியிலும் மருந்துக் குப்பியிலும் வரும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. அவை பெரும்பாலும் ஏற்கெனவே வயிறு நிறைந்தவை, சூடாக்கிக் காய்ச்சாமல் உதவாது.

அளவு எளிது: விதையின் எடையும் சிலிகாவின் எடையும் சமம். 100 கிராம் விதை 12 விழுக்காட்டிலிருந்து 6-க்கு இறங்கினால் வெளியேறும் தண்ணீர் ஆறரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த வறட்சியில் சிலிகா தன் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கும். கணக்குப்படி 40 கிராமே போதும். ஆனால் கொள்ளளவின் விளிம்பில் அது மெல்லத்தான் உறிஞ்சும், அதற்குத்தான் சமஎடை.

விதையை மெல்லிய துணிப்பையில் கட்டுங்கள். பையை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியின் அடியில் சிலிகா, அதன்மேல் துணிப்பை, இறுக்கமான மூடி. இரண்டாம் நாள் சிலிகா நிறம் மாறியிருந்தால் வேறு போடுங்கள். தக்காளி, மிளகாய் போன்ற சிறு விதைக்கு ஏழெட்டு நாள். பூசணி, அவரை போன்றவற்றுக்கு இரண்டு வாரம் வரை ஆகும்.

எப்போது நிறுத்துவது? எடையைப் பாருங்கள். கிளம்பும்போது 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் விதை 93.6 கிராமுக்கு வந்ததும் 6 விழுக்காடு ஆகிவிட்டது. தொடக்க ஈரம் தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானி. சிலிகாவை எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் விதை நிறைந்த ஜாடியில் ஈரமானியைப் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். ஜாடிக் காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே காட்டினால் அடைக்கலாம். 60 காட்டினால் இன்னும் வேலை இருக்கிறது. கருவியே இல்லையென்றால் கையும் காதும்தான் துணை: பூசணி விதையை மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடிய வேண்டும், அவரையைச் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் தெறிக்க வேண்டும்.

அதிகமாக உலர்த்துவதிலும் கேடு உண்டு. வெண்டை, அவரை, தட்டைப்பயறு விதைகளை 7-க்கும் கீழே இறக்கினால் தோல் கல்போல் இறுகி, தண்ணீரில் போட்டாலும் ஊறாத விதைகள் கூடும். பயறு வகையில் பருப்பு விரிசல் விடுவதும் உண்டு. அவற்றை 8-லேயே நிறுத்துங்கள்.

சிலிகா கிடைக்காத இடத்தில் அரிசி கைகொடுக்கும். இரும்புச் சட்டியில் பழுப்பேறும் வரை வறுத்து, சூடாகவே ஜாடியில் மூடி, ஆறியபின் விதைப்பையை வையுங்கள். அரிசி பிடிக்கும் ஈரம் சிலிகாவைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே விதையைப்போல் ஐந்து மடங்காவது அரிசி வேண்டும், இரண்டு மூன்று முறை மாற்றவும் வேண்டும். விதையின்மேல் நாலு அரிசி தூவி வைப்பது மனத்திருப்திக்கு மட்டுமே. நனைந்த சிலிகாவை 110 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரமோ, அடிகனமான சட்டியில் இளந்தீயில் நிறம் திரும்பும் வரையோ காய்ச்சி மறுபடி பயன்படுத்தலாம்.

அடைப்பதும் வைப்பதும்

சாதாரணப் பாலித்தீன் தண்ணீரைத்தான் தடுக்கும், ஈரக்காற்றை முழுவதும் தடுக்காது. தடித்த 700 கேஜ் பை ஒரு பருவத்துக்குப் பரவாயில்லை. ஆண்டுக்கணக்கில் வைக்க ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி, அல்லது சூட்டில் ஒட்டும் அலுமினியத்தாள் உறை. தில்லியில் உள்ள தேசிய மரபணு வங்கி விதைகளை 5 - 7 விழுக்காட்டுக்கு உலர்த்தி, அலுமினிய உறையில் ஒட்டி, -18 டிகிரியில் வைக்கிறது. வீட்டில் அதே முறையின் சிறிய வடிவம்தான் நாம் செய்வது.

விதையைச் சிறு சிறு பொட்டலமாகப் பிரியுங்கள். ஒரு கிராமில் சுமார் 300 தக்காளி விதை இருக்கும், ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பருவத்துக்குக் கால் கிராமே தாராளம். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் வைத்து ஆண்டுக்கு ஆறு முறை திறந்தால் உலர்த்திய பாடெல்லாம் வீண். ஒவ்வொன்றிலும் பென்சிலால் பயிர், ரகம், எடுத்த மாதமும் ஆண்டும், முளைப்பு விழுக்காடு எழுதிய துண்டுச்சீட்டை உள்ளேயே போடுங்கள். பேனா மை மங்கும், வெளியே ஒட்டிய சீட்டு ஃபிரிட்ஜில் உரியும். எல்லாப் பொட்டலங்களையும் ஒரு பெரிய ஜாடியில் போட்டு, அடியில் இரண்டு கரண்டி ஆரஞ்சு சிலிகா வைத்தால் அது காவல்காரன்போல. பச்சையானால் மூடியில் எங்கோ கசிவு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜாடியை ஃபிரிட்ஜின் பின்பக்க அடித்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம். காய்கறி டிராயரில் வைத்தால் அங்கே ஈரம் அதிகம். உறைபெட்டியில் வைக்கலாம், ஆனால் விதையின் ஈரம் 8 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்பது உறுதியானால் மட்டும். 14-க்கு மேல் ஈரமிருந்தால் உள்ளே பனிக்கட்டி உருவாகி செல்லைக் கிழித்துவிடும். ஃபிரிட்ஜே இல்லையென்றால் தரைமட்டத்தில் வெயில் படாத மூலையில், மண்பானைக்குள் ஜாடி. வெறும் பானையில் நேரடியாக விதையைப் போடாதீர்கள், மண் ஈரத்தை உள்ளே விடும்.

எடுக்கும் நாளில் அவசரம் கூடாது. ஜாடியை மூடியபடியே ஒரு இரவு வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். குளிராக இருக்கும்போதே திறந்தால் பனிநீர் விதைமேல் முத்து முத்தாகப் படியும், மீதியை மூடி வைத்தால் அது உள்ளேயே நனையும். மிகவும் உலர்ந்த அவரை, பீன்ஸ் விதையை நேரே தண்ணீரில் ஊறப்போட்டால் நீர் பாய்ந்து வெடிக்கும். ஈரத்துணிக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல், ஒரு இரவு வைத்துவிட்டு விதையுங்கள்.

வண்டும் நாட்டு முறைகளும்

அவரை, மொச்சை, தட்டைப்பயறு விதையின் தோலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பயறு வண்டின் முட்டை. வயலிலேயே வந்திருக்கும். மூடிய ஜாடிக்குள்ளும் குஞ்சு பொரித்து, சில மாதத்தில் எல்லாவற்றையும் துளைத்துவிடும். உலர்ந்த விதையை மூடிய ஜாடியோடு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

செம்மண் கட்டிய துவரையும், சாம்பல் கலந்து வாயடைத்த சுரைக்குடுக்கையும், சாணத்தில் பதித்து வரட்டியாகத் தட்டிய பூசணி விதையும் மூடநம்பிக்கை அல்ல. சாம்பல் விதைக்கு இடையில் உள்ள இடைவெளியை நிரப்பிவிடுகிறது, வண்டு நகர முடியாது. வரட்டியில் எலியும் எறும்பும் வாய் வைக்காது. அடுப்புக்கு மேல் பரணில் கட்டிய பீர்க்கை நெற்றுக்கு நாள்தோறும் புகையும் இளஞ்சூடும் கிடைத்தது. எரிவாயு அடுப்பு வந்த வீட்டுப் பரணில் அந்த இரண்டும் இல்லை. அங்கே தொங்கும் நெற்று வெறும் அலங்காரம். இந்த முறைகள் எல்லாம் ஒரு பட்டத்திலிருந்து அடுத்த பட்டம் வரை விதையைக் கடத்த ஏற்பட்டவை. ஐந்தாண்டு கேட்டால் அவற்றால் தர முடியாது. வேப்பிலை, நொச்சி, வசம்பு ஆகியவை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு அல்ல. இலையைப் போடுவதென்றால் முறுமுறுப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை வாடாத இலையைப் போட்டு மூடுவது ஜாடிக்குள் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

ஆண்டுக்கு ஒருமுறை சோதனை

பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே 50 விதை எண்ணி எடுங்கள். விதை குறைவென்றால் 20. காட்டன் துணியை நனைத்து, அழுத்தினால் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, விதைகளை இடம்விட்டு அடுக்கிச் சுருட்டி, வாய் தளர்ந்த பாலித்தீன் பையில் நிழலில் வையுங்கள். தட்டைப்பயறு, வெள்ளரிக்கு 8 நாள். வெங்காயத்துக்கு 12. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு 14. வெண்டைக்கு 21 நாள் வரை பொறுக்கலாம். வேரும் தண்டும் இரண்டும் நல்லபடி வந்ததை மட்டும் எண்ணுங்கள். வேர் கருகியதும் வெறுமனே வாய் பிளந்ததும் கணக்கில் சேராது. புதிதாக எடுத்த கத்தரி, பாகல், கீரை விதை சில வாரம் உறக்கத்தில் இருக்கும். அவை முளைக்கவில்லை என்று கொட்டிவிடாதீர்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

விதைச் சந்தைக்கு அரசு வைத்திருக்கும் குறைந்த அளவு தக்காளி, கத்தரிக்கு 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. எண்ணிக்கையைவிட வேகத்தைக் கவனியுங்கள். மூன்றாம் நாள் முளைத்த விதை இப்போது ஏழாம் நாள் முளைத்தால் எண்ணிக்கை இன்னும் குறையாவிட்டாலும் முதுமை வந்துவிட்டது. அப்படிப்பட்டது தட்டில் முளைக்கும், வயலில் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர வலுவிருக்காது.

மரபணு வங்கிகள் முளைப்பு தொடக்க அளவின் 85 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் மறுபடி பயிரிட்டு விதை புதுப்பிக்கின்றன. 90 முளைத்த விதை 76-க்கு வந்தால் நீங்களும் அந்தப் பட்டத்திலேயே விதைத்துவிடுங்கள். ஒற்றைச் செடியிலிருந்து எடுக்காமல் முடிந்த அளவு பல செடிகளிலிருந்து எடுங்கள். பூசணி, பீர்க்கை போன்றவை தேனீயால் கலப்பவை. பக்கத்தில் வேறு ரகம் பூத்திருந்தால் பெண்பூ மலரும் முந்தைய மாலையே அதையும் ஓர் ஆண்பூவையும் நூலால் கட்டிவைத்து, மலர்ந்ததும் கையால் மகரந்தம் சேர்த்து மறுபடி கட்டிவிடுங்கள். பீர்க்கை மாலையில் பூப்பது, அதற்குப் பகலிலேயே கட்ட வேண்டும். புதிதாகக் கிடைத்த விதையைப் பழைய ஜாடியில் கொட்டிக் கலக்காமல் தனிச் சீட்டோடு தனியே வையுங்கள். கலந்துவிட்டால் அடுத்த ஆண்டு துணியில் முளைக்காமல் கிடப்பது பழையதா புதியதா என்று சொல்ல வழியில்லை.